அப்பா செடி

அப்பா கடைசியாக ஏற்காடு போனபோது வாங்கி வந்த ஃபெர்ன். எங்கள் வீட்டில் அதற்கு 'அப்பா செடி' என்றே பெயர். 'செடின்னா வெயில்தானே!' என்று மேற்கு ஜன்னலில் வைத்தேன். நாலே நாளில் இலையெல்லாம் பொரித்த அப்பளம்! பயந்துபோய் பீரோ பக்கம் ஒதுக்கினேன். ஒரே மாதத்தில் வெளிறி, மெலிந்து, உதிர ஆரம்பித்தது. என் பி.காம். மூளைக்கு இந்த வரவு-செலவு டேலி ஆகவே இல்லை.

"காட்டுல மரத்தடியில வளர்றதுடா. வெளிச்சம் வேணும், உச்சி வெயில் ஆகாது" என்று அம்மா அதைக் கிழக்கு ஜன்னலிலிருந்து மூணடி தள்ளி வைத்தாள். மூணு வாரத்தில் ஜாங்கிரி மாதிரி சுருண்டு ஒரு புதுத் தளிர்!

இப்போது பக்கத்திலேயே அம்மாவின் நாற்காலி. "அதுக்குத் துணைடா" என்கிறாள்.

யாருக்கு யார் துணை? நான் கணக்குப் பார்க்கவில்லை.