வாட்டர்ஹவுஸை ஆட வைத்த மலிவு விலை கீபோர்டு!

கிங்ஸ்டனுக்கு விமானத்தில் வந்து இறங்குகிறவர்களை முதலில் வரவேற்பது ஊர் அல்ல, கடல். நார்மன் மேன்லி விமான நிலையம் நகரத்துக்குள் இல்லை. துறைமுகத்தை அணைத்தபடி நீண்டு கிடக்கும் பாலிசாடோஸ் என்ற ஒடிசலான மணல் திட்டின் மேல் இருக்கிறது. அங்கிருந்து ஊருக்குள் வரும் சாலையில் ஒரு பக்கம் கரீபியன் கடல், மறுபக்கம் துறைமுகத்தின் அலையில்லாத தண்ணீர், எதிரே நீல மலைத் தொடர். ஜமைக்காவின் சுற்றுலா விளம்பரத்துக்கு இந்த ஒரு காட்சியே போதும்.

வருகிறவர்களில் பாதிப் பேர் நேராகப் போவது ஹோப் ரோட்டில் உள்ள 56-ம் எண் வீட்டுக்கு. பாப் மார்லி வாழ்ந்த வீடு அது, இப்போது அருங்காட்சியகம். போட்டோ எடுத்துக்கொண்டு, டி-ஷர்ட் வாங்கிக்கொண்டு, மறுநாள் கடற்கரை ஊர்களுக்குக் கிளம்பி விடுவார்கள். நகரத்தின் மேற்குப் பக்கம் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. அந்தப் பக்கம்தான் இருக்கிறது வாட்டர்ஹவுஸ்.

தகர வேலிகள், நெருக்கமான சின்னச் சின்ன வீடுகள், கால்பந்து மைதானம். ஒலிம்பிக் நூறு மீட்டர் ஓட்டத்தில் 2008-லும் 2012-லும் தங்கம் வென்ற ஷெல்லி-ஆன் ஃப்ரேசர்-பிரைஸ் வளர்ந்த பேட்டை இது. 1970-களின் அரசியல் மோதல்களில் இங்கே துப்பாக்கிச் சத்தம் ஓயாமல் கேட்டதால், ‘வாட்டர்ஹவுஸ்’ என்ற பெயரை ‘ஃபயர்ஹவுஸ்’ என்று ஊர்க்காரர்களே மாற்றிச் சொன்னார்கள். தண்ணீர் வீடு, நெருப்பு வீடாகிவிட்டதாம். கஷ்டத்திலும் குசும்புக்குக் குறைவில்லை!

இந்தப் பேட்டையில் ஒரு கடைசரக்கு கீபோர்டு வந்து சேர்ந்து, ஒரு நாட்டின் வாத்தியக்காரர்களை இரண்டு கட்சியாகப் பிரித்துவிட்டது. அந்தச் சண்டையின் சூடு நாற்பது வருடம் கழித்தும் ஆறவில்லை.

கதை புரிய வேண்டுமானால், முதலில் இங்கே பாட்டு எப்படித் தயாராகிறது என்று தெரிய வேண்டும். ஜமைக்காவில் ‘ரிடம்’ என்பது பாடகர் குரல் இல்லாத பின்னணி இசை. பாஸ் கிடாரும் டிரம்ஸும்தான் அதன் முதுகெலும்பு. ஒரே ரிடத்தின் மேல் பத்துப் பாடகர்கள் பத்து விதமாகப் பாடுவார்கள், பத்தும் தனித்தனி இசைத்தட்டாக வரும். யாரும் அதைக் காப்பி என்று சொல்வதில்லை. அந்தத் தட்டுகளை ஊருக்குக் கொண்டுபோவது ‘சவுண்ட் சிஸ்டம்’. நம் சவுண்ட் சர்வீஸ் மாதிரிதான், ஆனால் அந்தஸ்து வேறு. ஆள் உயரத்துக்கும் மேலே ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கித் திறந்தவெளியில் இரவு முழுக்க நடத்துவார்கள். ஒவ்வொரு சவுண்டுக்கும் ரசிகர் கூட்டம் உண்டு. இரண்டு சவுண்டுகள் நேருக்கு நேர் மோதும் ‘க்ளாஷ்’ என்றால் ஊரே திரளும்.

ரிடம் உருவாக்குவதற்கு ஒரு வாத்தியக் குழு வேண்டும். அந்தக் குழு உட்கார்ந்து வாசிக்கப் பெரிய ஸ்டூடியோ வேண்டும். மேக்ஸ்ஃபீல்ட் அவென்யூவில் ஹூகிம் சகோதரர்கள் நடத்திய சேனல் ஒன் அப்படி ஒரு இடம். ரூட்ஸ் ராடிக்ஸ் போன்ற குழுக்கள் அங்கே ரிடம் வாசித்துப் பதிவு செய்யும். அந்த டேப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தயாரிப்பாளர் வாட்டர்ஹவுஸுக்கு வருவார். இங்கே டிரோமிலி அவென்யூவில் கிங் டப்பி இருந்தார். அடிப்படையில் அவர் எலக்ட்ரீஷியன். வீட்டையே ஸ்டூடியோ ஆக்கியிருந்தார். குழு உட்கார இடம் கிடையாது, பாடகர் நின்று பாடத்தான் இடம். ஆனால், குரலைப் பதிவு செய்து மிக்ஸிங் செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

அவரிடம் தொழில் கற்ற உதவியாளர் லாயிட் ஜேம்ஸ். ஊர் வைத்த பெயர் பிரின்ஸ் ஜாமி. குரு ‘கிங்’ என்றால் சீடன் ‘பிரின்ஸ்’தானே! அவரும் ஆம்ப்ளிஃபயர் கட்டத் தெரிந்தவர். அதே பேட்டையில், செயின்ட் லூசியா ரோட்டில் உள்ள தன் வீட்டிலேயே சவுண்டும் ஸ்டூடியோவுமாகத் தொழில் தொடங்கினார். அவருக்கும் அதே பிரச்னைதான். ரிடம் வேண்டுமென்றால் பெரிய ஸ்டூடியோ வாடகை, வாத்தியக்காரர் சம்பளம்.

இந்த நேரத்தில்தான் நோயல் டேவி என்ற இளைஞரிடம் ஒரு கேசியோ எம்.டி-40 வந்து சேர்ந்தது. பள்ளிக்கூடத்துக் கால்குலேட்டரும் கைக்கடிகாரமும் செய்யும் அதே கேசியோதான். 1981-ல் வந்த மாடல். விலை சுமார் 150 டாலர். அந்தக் காலத்தில் பெரிய வாத்தியக்காரர்கள் ஆசைப்பட்ட யமஹா டி.எக்ஸ்-7 கிட்டத்தட்ட 2,000 டாலர் என்பதை நினைத்துக்கொண்டால் இதன் தகுதி விளங்கும். விரலை நெருக்கும் குட்டிக் கட்டைகள் 37. இடது ஓரத்தில் பாஸுக்கென்று இன்னும் குட்டியாக 15. பேட்டரியிலும் ஓடும். ராக், பாப், வால்ட்ஸ், சாம்பா என்று தயாராகப் போட்டு வைத்த தாளங்கள் ஆறு. கச்சேரி வாத்தியக்காரர் யாரும் இதைச் சீண்டியிருக்க மாட்டார். வீட்டுக் கூடத்தில் பிள்ளைகள் தட்டிப் பார்க்கச் செய்த பெட்டி.

அதில் ‘ராக்’ தாளத்தை ஓடவிட்டு பாஸ் கட்டையைத் தொட்டால், டிரம்ஸும் பாஸும் சேர்ந்து ஒரு துள்ளலான வரிசையை வாசிக்கும். டேவியும், அதே பேட்டையைச் சேர்ந்த வெய்ன் ஸ்மித் என்ற பாடகரும் அதைக் கேட்டு நிமிர்ந்தார்கள். ஸ்மித்துக்கு அப்போது 19 வயது. பெட்டியோடு ஜாமியிடம் போனார்கள். ஜாமி வேகத்தைக் குறைத்தார். ராக் துள்ளல் போய், இடுப்பு அசையும் நடை வந்தது. மேலே பியானோவும் கைத்தட்டலும் சேர்த்தார். ஸ்மித் பாடினார். ‘அண்டர் மீ ஸ்லெங் டெங்’ பிறந்தது.

பாட்டின் பொருள் பெருமைப்படும்படியானதல்ல. கொக்கைன் வேண்டாம், கஞ்சாவே போதும் என்கிற ரகம். ஒரு விஷயம் மட்டும் இங்கே சொல்லலாம். ‘கஞ்சா’ என்ற சொல்லே ஜமைக்காவுக்கு இந்தியாவிலிருந்து போனது. 1845-ல் தொடங்கி, கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய நம்மவர்கள் கொண்டுபோனது. ஆட்டுக்கறிக் குழம்பும் அவர்கள் கொடுத்ததுதான். அதற்காக வேண்டுமானால் பெருமைப்பட்டுக் கொள்ளலாம்.

1985 பிப்ரவரி 23. வால்தம் பார்க் ரோட்டில் ஜாமியின் சவுண்டுக்கும் பிளாக் ஸ்கார்பியோ சவுண்டுக்கும் க்ளாஷ். அன்றிரவு ஜாமி இந்தப் பாட்டைப் போட்டார். எதிராளியிடம் அதற்குப் பதில் இல்லை. கூட்டத்துக்கு அது புதுச் சத்தம். பாஸ் கிடாரின் கம்பி அதிர்வு இல்லை, டிரம்மில் தோலின் வாசனை இல்லை. பெட்டிக்குள்ளிருந்து வந்த கறாரான மின்சார அடி. ஸ்பீக்கர் அடுக்கில் அது இன்னும் கனமாக விழுந்தது. அந்த வருடத்திலேயே டஜன் கணக்கில் பாடகர்கள் அதே ரிடத்தில் பாடித் தட்டு போட்டார்கள். இன்றுவரை 400-க்கும் மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள். பிரின்ஸ் ஜாமி, கிங் ஜாமி ஆனார்.

சரியாக மூன்று நாள் கழித்து, பிப்ரவரி 26-ல், லாஸ் ஏஞ்சல்ஸில் கிராமி விருது விழா. ரெக்கேவுக்கென்று முதன்முறையாக ஒரு கிராமி கொடுத்தார்கள். அதை வாங்கியது பிளாக் உஹுரு, வாட்டர்ஹவுஸ் பேட்டையின் பெயரை உலகுக்குக் கொண்டுபோன குழு! அவர்களுக்குப் பின்னால் வாசித்தவர்கள், டிரம்ஸில் ஸ்லை டன்பாரும் பாஸில் ராபி ஷேக்ஸ்பியரும். வாத்தியக்காரர்களின் உழைப்புக்கு உலகம் மாலை போட்ட அதே வாரத்தில், அவர்களுடைய பேட்டையிலேயே அவர்கள் இல்லாமல் பாட்டு ஓடத் தொடங்கியிருந்தது.

வாத்தியக்காரர்கள் கொதித்ததில் வியப்பில்லை. இது இசையே இல்லை, பொம்மையின் சத்தம் என்றது ஒரு கட்சி. இந்தக் கோபத்துக்கு அடியில் இருந்தது ரசனை மட்டுமல்ல, அடுப்பு. ஒரு ரிடம் வாசித்தால் அன்றைக்குக் கூலி. அந்த ரிடத்தில் பின்னால் நூறு பாட்டு வந்தாலும் வாசித்தவர்களில் பலருக்கு மேற்கொண்டு காசு வந்ததில்லை. அந்த வயிற்றெரிச்சல் ஏற்கெனவே இருந்தது. இப்போது அந்த ஒருநாள் கூலிக்கும் ஆபத்து. 150 டாலர் பெட்டி சம்பளம் கேட்காது, நேரம் தவறாது, சாப்பாட்டுக்கு இடைவேளை கேட்காது. தயாரிப்பாளர் யாரைக் கூப்பிடுவார்?

அதிகம் அடிபட்டவர்களில் குழல் வாத்தியக்காரர்களும் உண்டு. கிங்ஸ்டனின் சவுத் கேம்ப் ரோட்டில் இருக்கும் ஆல்ஃபாவைப் பார்த்தால் அந்த இழப்பின் அளவு தெரியும். 1880-ல் தொடங்கி, கத்தோலிக்கக் கன்னிகாஸ்திரிகள் நடத்திய பள்ளி. ஏழைப் பையன்களுக்குத் தொழில் கற்றுக் கொடுத்த இடம். தையல், அச்சு வேலை போல டிரம்பெட்டும் டிராம்போனும் அங்கே ஒரு கைத்தொழில். டான் டிரம்மண்ட், டாமி மெக்குக், ரிக்கோ ராட்ரிக்ஸ் என்று ஜமைக்க இசையின் தூண்கள் பலர் இந்தப் பள்ளியின் பிள்ளைகள். வருடக்கணக்கில் மூச்சைப் பழக்கிக் கற்ற வித்தையை ஒரு பொத்தான் ஓரங்கட்டினால் வலிக்கத்தானே செய்யும்?

எதிர்க்கட்சிக்கும் நியாயம் இருந்தது. ஆல்ஃபாவில் இடம் கிடைக்காதவன், கிடார் வாங்க வழியில்லாதவன், பெரிய ஸ்டூடியோவின் வாசலில் நின்றே வயது போனவன், இவர்களுக்கெல்லாம் அந்தக் குட்டிப் பெட்டி கதவைத் திறந்துவிட்டது. வாட்டர்ஹவுஸின் ஒரு படுக்கையறையிலிருந்தே முழுப் பாட்டு வெளியே வரலாம் என்ற நிலைமை. கிங் டப்பியே சும்மா இருக்கவில்லை. அதே 1985-ல் தன் சொந்த மின்னணு ரிடமான ‘டெம்போ’வை இறக்கினார். சீடனுக்கு குருவின் பதில்! இன்றைக்குக் கேட்டாலும் ‘டெம்போ’வின் இருட்டும் அழுத்தமும் ‘ஸ்லெங் டெங்’கில் இல்லை.

இரண்டு கட்சிக்கும் நடுவே நடந்தவர்கள்தான் கெட்டிக்காரர்கள். ரூட்ஸ் ராடிக்ஸில் கீபோர்டு வாசித்த ஸ்டீலி, டிரம்மர் க்ளீவி. இருவரும் கையால் வாசித்துப் பழுத்தவர்கள். இயந்திரத்தை மல்லுக்கு இழுக்காமல் அதைத் தங்கள் கைக்குப் பழக்கினார்கள். ஜாமியின் ஸ்டூடியோவில் உட்கார்ந்து அவர்கள் இருவரும் செய்து கொடுத்த ரிடங்களுக்குக் கணக்கில்லை. தாளம் தெரிந்தவன் கையில் இயந்திரம் வேறு மாதிரிப் பேசும் என்பதை அந்தத் தட்டுகளில் கேட்கலாம். வெறும் பொத்தானை மட்டும் நம்பிக் கிளம்பிய தட்டுகளும் அந்தக் காலத்தில் மூட்டை மூட்டையாக வந்தன. அவற்றை இன்று தேடுவார் இல்லை. ஸ்லை டன்பார் இன்னும் முன்னாலேயே மின்னணு டிரம்ஸுக்குப் பழகியிருந்தார். கிராமி வாங்கிய அந்த ஆல்பத்திலேயே அந்தச் சத்தம் கேட்கும்.

அந்த ‘ராக்’ தாளத்தைப் பெட்டிக்குள் வைத்தது யார்? ஹிரோகோ ஓகுடா என்ற இளம் ஜப்பானியப் பெண். 1980-ல் இசைக் கல்லூரி முடித்து கேசியோவில் வேலைக்குச் சேர்ந்தவர். அவருடைய முதல் வேலையே எம்.டி-40-க்குத் தாளம் அமைப்பது. கல்லூரியில் அவர் எழுதிய ஆய்வின் தலைப்பு, ரெக்கே! 1979-ல் பாப் மார்லி ஜப்பானுக்கு வந்தபோது நேரில் போய்க் கேட்ட ரசிகை. அவர் எழுதியது ராக் தாளம்தான், அதற்குத் தூண்டுதல் ஒரு பிரிட்டிஷ் ராக் பாட்டு என்று சொல்லியிருக்கிறார். எந்தப் பாட்டு என்று மட்டும் சொல்வதில்லை. ஆனால், மனதில் ஊறிய ரெக்கே எங்கேயோ கசிந்திருக்கிறது. அதை டோக்கியோவில் யாரும் கவனிக்கவில்லை, வாட்டர்ஹவுஸில் கண்டுபிடித்துவிட்டார்கள். தன் தாளம் ஜமைக்காவில் வெள்ளமாகப் பெருகியதை, ஒரு ஜப்பானிய இசைப் பத்திரிகையைப் படித்துத்தான் 1986-ல் அவரே தெரிந்துகொண்டார்.

பெட்டி வாத்தியக்காரர்களை ஒழித்துவிடவில்லை. 1990-களில் நிஜ பாஸும் நிஜ டிரம்ஸும் மெல்லத் திரும்பின. பிறகு க்ரானிக்ஸ், புரோட்டோஜே போன்றவர்கள் முழு வாத்தியக் குழுவோடு மேடையேறினார்கள். ஆனால், அந்த இடைவெளியில் வேலை இழந்தவர்களுக்கு அந்த வருடங்களை யாரும் திருப்பித் தரவில்லை. வெய்ன் ஸ்மித் 2014-ல், ஐம்பது வயதைத் தொடாமலே இறந்துபோனார். கிங் டப்பி 1989-ல் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஜாமியின் மகன்களும் இப்போது இசைத் தொழிலில்தான் இருக்கிறார்கள்.

யுனெஸ்கோ 2015-ல் கிங்ஸ்டனை இசை நகரமாக அறிவித்தது. 2018-ல் ரெக்கேவை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. பட்டங்கள் வந்தாலும் தெருவோர ஆட்டம் அதன் போக்கில் நடக்கிறது. நள்ளிரவு தாண்டிய பிறகுதான் கூட்டம் சேரும். பழைய பாட்டுகளின் நேரம் வந்ததும் யாராவது ஒருவர் ‘ஸ்லெங் டெங்’ தட்டை எடுப்பார். முதல் நான்கு அடி விழுவதற்குள் கூச்சல் கிளம்பும். கூச்சல் பலமாக இருந்தால் தட்டை நிறுத்தி, பின்னால் சுழற்றி, முதலிலிருந்து மறுபடி போடுவது இங்கே வழக்கம். ‘ஸ்லெங் டெங்’கை ஒரே தடவையில் முழுதாக ஓடவிட்டு யாரும் தப்பித்ததில்லை.