வானை நோக்கிய ஒளி

சில ஆண்டுகளுக்கு முன்னர், எங்கள் ஊர்க் கோவில் திருவிழாவின்போது, என் தம்பி கடையொன்றில் விரலளவான லேசர் விளக்கொன்றை வாங்கி வந்தான். பொத்தானை அழுத்தினால் பச்சைநிற ஒளிக்கீற்றொன்று வேலியையும் வடலிகளையும் கடந்து நெடுந்தூரம் பாயும். அன்றிரவு முற்றத்தில் நின்று பனை வட்டுகளில் அதனை ஓட்டி விளையாடினோம். அவ்வேளை விமானமொன்று விளக்குகள் மின்னப் பலாலியை நோக்கித் தாழ்ந்து வந்தது. விளக்கு அப்போது என் கையிலேயே இருந்தது. எண்ணிப் பாராது அதனை விமானத்தின் பக்கம் திருப்பினேன்.

திண்ணையிலிருந்த அம்மம்மா பதறி எழுந்தார். "உதை நூரடா! பிளேன் வருது, உதை நூரடா!"

விமானத்தின் ஓசை கேட்டதும் விளக்கை நூர்த்துவிட்டுப் பதுங்குகுழிக்குள் இறங்கிய காலத்தின் பழக்கம் அது. போர் 2009 இல் முடிந்தும் அவருடைய செவிகளுக்குள் அது முடியவில்லை. நாங்கள் சிரித்தோம். அச்சிரிப்பையும் அச்செயலையும் எண்ணி நான் நாணியது மிகப் பிந்தியே.

பல்கலைக்கழகத்துக்கு வந்தபின், விஞ்ஞான பீடத்து நண்பரொருவரிடம் இதனை வேடிக்கையாகக் கூறினேன். அவர் சிரிக்கவில்லை. நிலத்தில் நிற்பவனுக்கு நூலிழைபோலத் தோன்றும் அக்கீற்று, ஒரு கிலோமீற்றர் தூரத்தில் ஏறக்குறைய 1 மீற்றர் அகலத்துக்கு விரிந்துவிடும் என்றார். விமானத்தின் முகப்புக் கண்ணாடியிற் பட்டதும் அது சிதறி, விமானியின் முன்னால் ஒளித்திரையொன்றை விரித்துவிடும். இரவில் விமானியின் கண் இருளுக்குப் பழகி, கண்மணி விரிந்திருக்கும். மனிதக் கண்ணுக்குப் பச்சை நிறமே மிகுந்த பிரகாசமாகத் தோன்றுவதால், அதே வலுவுடைய செவ்வொளியிலும் பச்சையொளி பன்மடங்கு கூசச் செய்யும். தூரம் கூடுந்தோறும் ஒளியின் செறிவு குறைவதால் கண் நிரந்தரமாகப் பழுதடைவது அரிது. ஆயின் கூச்சம் நீங்கிய பின்னரும் ஒளியின் சுவடு சிறிது நேரம் கண்ணில் நிற்கும். இருளுக்கு முற்றாகப் பழக மீண்டும் 20, 30 நிமிடங்கள் வேண்டும். தரையிறங்கும் பயணிகள் விமானம் பொதுவாக ஒரு செக்கனில் 50 மீற்றருக்கு மேல் ஓடுகின்றது. 5 செக்கன்கள் கண் இருண்டால் கால் கிலோமீற்றர் தூரத்தை விமானி காணாமலே கடக்கின்றார்.

இஃது எங்கோ நிகழும் விந்தையன்று. ஐக்கிய அமெரிக்காவில் 2023 ஆம் ஆண்டில் மாத்திரம் இத்தகைய 13,304 சம்பவங்கள் முறையிடப்பட்டன. பிரித்தானியா 2018 இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. நமக்கு அண்மையிலுள்ள சென்னையில், 2025 மே மாதத்தில், துபாயிலிருந்து வந்து தரையிறங்கவிருந்த விமானத்தின்மீது லேசர் ஒளி பாய்ச்சப்பட்டது. அது பத்திரமாகவே இறங்கியது. பாய்ச்சியவர் பகைவராயிருக்க வேண்டியதில்லை. என்னைப்போல எண்ணிப் பாராதவராயிருந்தாலே போதும்.

பலாலி ஓடுதளம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியரால் அமைக்கப்பெற்றது. 1990 இல் அதன் சுற்றாடலிலுள்ள மக்கள் இடம்பெயர்ந்தனர். விட்டுவந்த காணிகளில் ஒருபகுதிக்காக இன்றும் காத்திருப்போர் உளர். 2019 ஒக்ரோபரில் அது சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாத் தொற்றினால் 2020 இல் நின்ற சென்னைச் சேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. ஆகவே பலாலி என்ற பெயரைக் கேட்கும்போது எமது முதியோர் நெஞ்சில் எழும் உணர்வுகள் பல. அவர்களுடைய அச்சத்துக்குக் காரணம் உண்டு. காணியை எண்ணி ஏங்குவோரின் குறைக்கும் நியாயம் உண்டு. ஆனால் என் கையிலிருந்த ஒளிக்கு எந்த நியாயமும் இருக்கவில்லை. மேலிருப்பவர் கீழிருப்பவரைக் காணாமலே துன்புறுத்தலாம் என்பதை எம் முந்திய தலைமுறை பட்டறிந்தது. கீழிருப்பவரும் மேலிருப்பவரைக் காணாமலே துன்புறுத்தலாம் என்பதை நான் விளையாட்டாகச் செய்து காட்டிவிட்டேன்.

சென்ற ஆண்டு, சென்னையில் வாழும் சின்னம்மா பலாலி வழியாக ஊருக்கு வந்தார். அம்மம்மாவையும் அழைத்துக்கொண்டு விமான நிலையத்துக்குச் சென்றோம். ஓசை கேட்டதும் அவருடைய கை என் கையை இறுகப் பற்றியது. பின்னர் அண்ணாந்து பார்த்து, "உதுக்குள்ளைதானே பிள்ளை வாறாள்?" என்று கேட்டார். ஆமென்றேன். விமானம் நிலத்தைத் தொடும்வரை அவர் கண்ணை எடுக்கவில்லை.

அன்று மாலையே அவ்விளக்கைத் தேடியெடுத்து, மின்கலங்களைக் கழற்றினேன். காரணங் கேட்ட தம்பிக்கு நண்பர் கூறியவற்றை விளக்கினேன். அம்மம்மாவிடம் அன்று சிரித்ததற்காக மன்னிப்பும் கேட்டேன். அவருக்கு அது நினைவில்லை. திருவிழாக் கடைகளில் அவ்விளக்குகள் இன்னும் விற்கப்படுகின்றன. வாங்கும் பிள்ளைகளைத் திட்டுவதால் பயனில்லை. மின்னி வரும் அவ்விளக்குகளுக்குப் பின்னால் இரு கண்கள் உள்ளன என்பதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தல் கற்றோராகிய எமது கடன்.