பேலட் கட்டையும் ஒரு முத்திரையும்

அரிசி மூட்டையைத் தரையில் வைத்தால் ஓதம் ஏறுகிறது என்று தூத்துக்குடி பழைய மரக்கடையில் நாலு பேலட் வாங்கி வந்தேன். ஒன்று உடைந்திருந்தது. வெந்நீர் அடுப்புக்கு ஆகட்டும் என்று அரிவாளை எடுத்தேன். அந்த நேரம் பார்த்து, துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் வந்தான். "டீச்சர், முத்திரையைப் பாத்தீங்களா?" என்றான்.

கோதுமைக் கதிர் மாதிரி ஒரு படம், பக்கத்தில் நாட்டின் இரண்டெழுத்து. நம் நாடு என்றால் ஐ.என். ஹெச்.டி. என்றிருந்தால், மரத்தின் நடு வரை 56 டிகிரி சூடு ஏற்றி 30 நிமிடம் வைத்த கட்டை. எம்.பி. என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. எல்லாம் மரத்தோடு பூச்சி நாடு தாண்டக் கூடாது என்று 2002இல் வந்த உலக விதி. நம் சாப்பாட்டை நினைத்துப் போட்ட முத்திரை இல்லை. ஹெச்.டி. கட்டையிலும் ரசாயனம் சிந்தியிருக்கலாம். கறையும் வாடையும் பார்த்துத்தான் வாங்கணும்.

நான் வெட்டப் போனது எம்.பி. இன்னொன்றில் எண்ணெய்க் கறை. இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன், காசு வரவில்லை. போகட்டும்.

போன வருஷமும் இப்படித்தான் ஒரு கட்டை வாங்கி, முத்திரை பார்க்காமலே எரித்தேன். பேத்தி "ஆச்சி, குளிருது" என்று அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அது என்ன கட்டை என்று இப்போது எங்கே போய்ப் பார்ப்பேன்?