மக்காவ் தெருவில் ஜெயித்த டீசல்!

மக்காவ் என்றதும் சூதாட்ட விடுதிகள்தான் நினைவுக்கு வரும். நவம்பரில் போனால் வேறு காட்சி. பஸ்ஸும் ஸ்கூட்டரும் ஓடுகிற தெருக்களே பந்தயப் பாதையாகிவிடும்! கியா குன்றைச் சுற்றும் இந்தப் பாதை சுமார் 6.2 கி.மீ. குன்றின் மேல் 1865-ல் கட்டிய கலங்கரை விளக்கம். கடல் பக்கம் நேர்சாலை. லிஸ்போவா ஹோட்டல் வளைவைத் தாண்டினால் ஏற்றம். மெல்கோ கொண்டை ஊசி வளைவிலோ ஒரு நேரத்தில் ஒரு கார் திரும்பினாலே பெரிய விஷயம்.

டீசல் என்றால் லாரிதானே என்பவர்களுக்கு இந்தத் தெருக்கள்தான் பதில் சொல்லின. ஸ்பெயினின் செயாட் நிறுவனம் 2007-ல் தன் லியோன் காரை டீசல் இன்ஜினோடு உலக டூரிங் கார் பந்தயத்தில் இறக்கியது. மெதுவான வளைவிலிருந்து சீறிக் கிளம்ப டீசலின் இழுவிசை கைகொடுக்கும். ஆனால், கடைசிக் கட்டமான மக்காவில், முன்னணியில் இருந்த பிரான்ஸ் வீரர் இவான் முல்லரின் காரில் எரிபொருள் பம்ப் காலை வாரியது. பட்டமும் போச்சு!

மறு வருடம் அதே மக்காவில் முல்லர் உலக சாம்பியன். டீசல் கார் அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல்முறை. 2009-ல் மீண்டும் மக்காவ். இந்தமுறை முல்லரையே முந்தினார் அவரது அணித் தோழர், இத்தாலியின் கேப்ரியேல் டார்க்வினி. வித்தியாசம் வெறும் 4 புள்ளிகள். அப்போது அவருக்கு வயது 47!