ஓர் எழுத்தின் வேறுபாடு

வடபுலத்தில் குடியேறி வாழும் நம் குடும்பங்களில் திருமணப் பேச்சு எழுந்தால், முதலில் நினைவுக்கு வருவோர் அத்தை மகனும் மாமன் மகளுமே. ஊரைவிட்டு ஆயிரம் மைல் அப்பால் இருப்போர்க்கு உறவு அறுந்துபோகாமல் காக்கும் வழி அஃதொன்றே எனப் பெரியோர் கருதுவர். அக்கருத்தில் பொருளில்லை என்று நாம் கூற மாட்டோம். நம் இல்லத்திலும் அப்பேச்சே நடைபெறுகின்றது. தமக்கையின் மகனுக்கு நம் மகளைக் கேட்டிருக்கின்றனர். இருவருக்கும் விருப்பமே. ஆயினும், ஒரு சோதனை முடிந்த பின்னரே தாம்பூலம் மாற்றலாம் என்று கூறிவிட்டோம்.

காரணம் நம் தம்பியின் மகன். தம்பி மணந்தது தமக்கையின் மூத்த மகளை. அவர்களுடைய மைந்தன் உரிய காலத்தில் அமர்ந்தான். ஒன்றரை வயதாகியும் எழுந்து நிற்கவில்லை. "ஆண்பிள்ளை மெல்லத்தான் நடப்பான்" என்றனர் பாட்டிமார். அறிவு கூர்மை, பேச்சோ ஓயாது. கால்களில் மட்டும் வலுவில்லை. குருதியைச் சோதித்த மருத்துவர், முதுகுத்தண்டு தசைநலிவு நோய் என்றார்.

அன்று முதல் இந்நோயைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்து வருகிறோம். நம் ஏட்டுச்சுவடிகளில் இடைச்செருகல்கள் இருப்பதைத் தமிழன்பர் அறிவர். பதிப்பாசிரியர் அவற்றை நீக்கி, மூலப் பாடலைத் தொடர்ச்சியாக அமைப்பார். உயிரணுவிலும் இவ்வேலை இடையறாது நடக்கின்றது! மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. என்னும் படி எடுக்கப்படுகின்றது. அதன் இடையிடையே வரும் வேண்டாத பகுதிகள் வெட்டப்பட்டு, வேண்டியவை ஒட்டப்படுகின்றன. இதனை 1977-இல் கண்டறிந்த ரிச்சர்டு ராபர்ட்ஸ், பிலிப் ஷார்ப் இருவரும் 1993-இல் நோபெல் பரிசு பெற்றனர்.

வெட்டி ஒட்டும் கருவிகளைச் சேர்த்து அமைக்க உதவும் புரதங்களுள் ஒன்று எஸ்.எம்.என். அதனை ஆக்கும் மரபணு ஐந்தாம் குரோமோசோமில் உள்ளது. 1995-இல் பாரிசில் ஜூடித் மெல்கியின் குழுவினர் அதை இனங்கண்டனர். தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக இரு படிகளும் பழுதுற்றால், தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மெல்ல மடிகின்றன.

வியப்பு யாதெனின், அதன் அருகிலேயே இரட்டைப் பிள்ளைபோல் இன்னொரு மரபணு உண்டு. அதன் ஏழாம் பகுதியில் ஓரெழுத்து மட்டும் வேறு. அவ்வோரெழுத்தால், மூலப்பாடலையே இடைச்செருகல் என மயங்கி எறியும் பதிப்பாசிரியரைப்போல், உயிரணு பெரும்பாலும் ஏழாம் பகுதியை விட்டுவிடுகின்றது. முழுமையான புரதம் சிறிதளவே கிடைக்கின்றது. அந்த ஏழாம் பகுதியை விடாமல் சேர்க்கச் செய்யும் வழியை ஏட்ரியன் கிரெய்னர் முதலியோர் ஆராய்ந்தனர். அதன் பயனாகிய நுசினர்சென் என்னும் ஊசிமருந்து 2016-இல் அமெரிக்காவில் இசைவு பெற்றது. வாய்வழி உட்கொள்ளும் ரிஸ்டிப்லாம் 2020-இல் வந்தது.

விலையைக் கேட்டபோது நாம் வாயடைத்துப் போனோம். அரிய நோய்களுக்கு மத்திய அரசு 50 லட்சம் ரூபாய் வரை உதவுகின்றது. மருந்தோ வாழ்நாள் முழுதும் வேண்டும். 2025-இல் தில்லி உயர்நீதிமன்றம் இந்திய நிறுவனம் ஒன்று ரிஸ்டிப்லாமைச் செய்து விற்பதைத் தடுக்க மறுத்தது. அதன்பின் விலை பெரிதும் இறங்கியது. எத்தனையோ பெற்றோர் அத்தீர்ப்புக்காகக் காத்திருந்தனர்.

தம்பியும் அவன் மனைவியும் ஆளுக்கொரு பழுதுற்ற படியைத் தாங்கியிருப்பது சோதனையில் தெரிந்தது. தாங்குவோர்க்கு நோயில்லை; உலகில் ஏறத்தாழ 50 பேரில் ஒருவர் அத்தகையோர். ஆனால் ஒரே குடியில் பிறந்தோரிடம் அதே பழுது இருக்க வாய்ப்பு மிகுதி. நமக்கும் இருக்கலாம், நம் மகளுக்கும் இருக்கலாம், மணமகனுக்கும் இருக்கலாம். இருவருக்கும் இருப்பின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

"நம் குலத்துக்கு நாமே குறை சொல்வதா?" என்று தமக்கை வருந்தினார். அவர் மகனோ மறுநாளே சென்று குருதி கொடுத்து வந்தான். அடுத்து நம் மகளும் கொடுத்தாள். முடிவு வர இன்னும் சில நாள் ஆகும். தமக்கை நாள்தோறும் தொலைபேசியில் அழைக்கின்றார். அதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்பதில்லை. பேரன் மருந்தைத் துப்பாமல் குடித்தானா என்றே கேட்கின்றார்.