ஆற்றுப்படையும் கரையோர விருந்தும்

புதியதோர் ஊருக்குச் செல்பவன் அவ்வூரைத் தன் கண்ணாற் காணுமுன்னர் வழிகாட்டியின் சொல்லாலேயே காண்கின்றான். அச்சொல் செம்மையாயின் ஊரும் அவனுக்குச் செம்மையாகத் தோன்றும். அது பொய்க்குமாயின் ஊரும் பொய்த்துவிடும். இக்காரணத்தால் ஊர்காட்டல் வெறும் பிழைப்பாக மட்டும் அமைவதில்லை. காட்டப்படும் மக்களின் மானத்தைச் சில மணி நேரம் ஒருவன் தன் நாவில் ஏந்திச் செல்லும் பொறுப்பும் அதனோடு சேர்ந்தே வருகின்றது.

இக்காலச் சுற்றுலாத் தொழிலிலே 'நடைச் சுற்றுலா' என்றொரு வகை உண்டு. பத்துப்பேருக்கு மேற்படாத ஒரு குழு; முன்னே ஒரு வழிகாட்டி; மீன்பிடிக் கிராமமொன்றின் ஒழுங்கைகளூடாக இரண்டு மூன்று மணி நேர நடை; இடையிடையே சுட்ட மீன், பொரித்த கணவாய், நண்டு, இறால்; அவற்றோடு சிறு சாலைகளில் அளவாக வடிக்கப்பெறும் கிராஃப்ட் பியர். மேல்நாட்டுக் கரையோர ஊர்கள் பலவற்றில் இது வேரூன்றிவிட்டது. இலங்கையிலும் உணவை முன்னிறுத்திய நடைச் சுற்றுலாக்கள் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் விளம்பரம் பெறுகின்றன. இவற்றை மேனாட்டிலிருந்து வந்த புதுமை என்று கொள்வோர் பலர். தமிழ் கற்றோர் அவ்வாறு கொள்ளவேண்டியதில்லை. குடியும் மீனும் கொண்ட கரையோர வழிப்பயணத்தை ஒழுங்காக எடுத்துரைக்கும் இலக்கியம் தமிழில் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றிவிட்டது.

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகளாகும். பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞனைத் தனக்கு அளித்த வள்ளலிடம் செல்லுமாறு வழிப்படுத்துவது ஆற்றுப்படையின் பொது இலக்கணம். திருமுருகாற்றுப்படையில் அவ்வழி இறைவனை நோக்கியதாக அமையும். எந்த வழியே செல்வது, எங்கே தங்குவது, எந்த ஊரில் யார் எதனை உண்ணத் தருவர் என்பனவெல்லாம் அங்கு முறையாகச் சொல்லப்படும். நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில், ஓய்மானாட்டு நல்லியக்கோடனிடம் செல்லும் பாணன் முதலில் நெய்தல் நிலத்து எயிற்பட்டினத்தை அடைகின்றான். அலைகள் கொணர்ந்து ஒதுக்கிய மணமுள்ள மரக்கட்டைகள், உறங்கும் ஒட்டகங்கள்போற் கரையிற் கிடக்கின்றன. அவையே அங்கு விறகு. நுளைமகள் அரித்தெடுத்த முதிர்ந்த தேறலைப் பரதவர் ஊட்ட, சுட்ட குழல் மீனோடு வீடுதோறும் அவ்விருந்து கிடைக்கும் என்கின்றது பாட்டு. அதனைக் கடந்து வேலூரும், உழவர்மகளிர் சோற்றோடு நண்டு படைக்கும் ஆமூரும் வருகின்றன. ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய உணவு அந்தந்த நிலத்து மக்கள் கையாலேயே வழங்கப்படுவது மனங்கொள்ளத்தக்கது.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை இதனினும் ஒருபடி மேலே சென்று, குடி வடிக்கும் முறையையே விளக்குகின்றது. இடம் வலைஞர் குடியிருப்பு. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சி, வாயகன்ற பிழாவில் இட்டு ஆற்றுகின்றனர். பின்னர் நல்ல முளையை இடித்து அதனோடு கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, வெந்நீரில் அரித்துப் பிழிந்தெடுக்கின்றனர். சுட்ட மீனோடு அந்நறும்பிழி, நடந்து தளர்ந்தவிடத்து உங்களுக்குக் கிடைக்கும் என்று வழிகாட்டும் பாணன் கூறுகின்றான்.

இச்செய்முறையை இன்றைய வேதியியலறிவோடு நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். தானியத்திலுள்ள மாப்பொருளை நுரைமம் நேரே மதுசாரமாக மாற்றுவதில்லை. முதலில் அது வெல்லமாக வேண்டும். தானியம் முளைவிடும்பொழுது தோன்றும் நொதியங்கள் அவ்வேலையைச் செய்கின்றன. மேனாட்டார் பார்லியை முளைக்கவைத்து உலர்த்திப் பியர் வடிப்பதற்கும், வலைஞர்மகளிர் அரிசிக் களியில் முளையை இடித்துச் சேர்ப்பதற்கும் அடிப்படை ஒன்றே. தென்னங்கள்ளும் பனங்கள்ளும் இவ்வகையின அல்ல. பாளையிலிருந்து வடியும் நீரிலே வெல்லம் இயல்பாகவே இருப்பதால், காற்றிலும் முட்டியிலும் உள்ள நுரைமங்கள் சில மணி நேரத்தில் அதனைப் புளிக்கச் செய்துவிடும். ஆகவே, சொல்லின் உண்மைப் பொருளிற் பியர் எனத்தக்க ஒன்றைத் தமிழ் மீனவர் குடியிருப்பிலே காணவேண்டுமாயின், அது கள்ளுமுட்டியில் அன்று. பெரும்பாணாற்றுப்படையின் சாடியிலேயே உள்ளது. யாழ்ப்பாணத்திற் கள்ளும் கூழும் குடிப்பதற்குப் பனையோலையிற் கோலும் ஏனத்தைப் 'பிளா' என்று வழங்குவர். பாட்டிலுள்ள பிழாவோடு அச்சொல் ஒலியளவில் நெருங்கி நிற்பதும் சிந்தனைக்குரியது.

இனிக் கொழும்புக் கரைக்கு வருதல் தகும். கொட்டாஞ்சேனையிலிருந்து வடக்கே நடப்பவன் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலையும் துறைமுகத்தின் மதில்களையும் கடந்து முகத்துவாரத்தை அடைவான். களனி கங்கை கடலோடு கலக்கும் அவ்விடத்தில் மீன்பிடித் துறைமுகமொன்று உள்ளது. கரையோரமாக மேலும் வடக்கே சென்றால் நீர்கொழும்பு. பிரித்தானியர் காலத்து ஹமில்டன் கால்வாய் இவ்விரு கரைகளையும் இணைத்துக் கிடக்கின்றது. நீர்கொழும்பின் களப்பு இறாலுக்கும் நண்டுக்கும் பெயர்பெற்றது. கடற்கரை மணலில் விரிப்புகளின்மேற் கருவாடு காய்வது அவ்வூரின் அன்றாடக் காட்சி. அங்குள்ள மீனவரிற் பலர் வீட்டிற் பேசிவந்த தமிழ், சிங்களத்தின் நெடுங்காலக் கலப்பினால் இலக்கணத்திலும் மாற்றம் பெற்ற தனிக் கிளைமொழியாக மொழியியலாரின் ஆய்வுக்கு உட்பட்டுள்ளது. பாடசாலை மொழி சிங்களமாக அமைந்ததன் விளைவாக அத்தமிழ் தலைமுறைக்குத் தலைமுறை குறுகிவருகின்றது. தெற்கே வெள்ளவத்தையிலோ கடலுக்கும் ஊருக்குமிடையே புகையிரதப் பாதை ஓடுகின்றது. அங்கு நண்டும் இறாலும் மீன்தலையும் இட்ட ஒடியற்கூழ், யாழ்ப்பாணத்துக் கரையை நினைவூட்டும் உணவாக நகரத்தார் வீடுகளில் வாழ்கின்றது.

இக்கரையிலே ஒரு நடைச் சுற்றுலாவுக்கு வேண்டிய பொருள்கள் யாவும் உள. பியர் ஒன்றே அயலது. பார்லி இந்நாட்டில் விளையும் தானியமன்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர் அம்மலைக் குளிரை நம்பிப் பியர் வடிக்க முற்பட்டார். இன்று அத்தொழில் பியகமவிற் பேராலையாக நிலைபெற்றுள்ளது. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப் பத்திரமின்றி எவரும் மது வடித்தலாகாது. எனவே பெரும்பாணாற்றுப்படையின் வலைஞர்மகள் இன்று முகத்துவாரத்தில் வாழ்வாளாயின், அவள் விருந்தோம்புபவளாகக் கருதப்படாள். குற்றவாளியாகவே நீதிமன்றில் நிறுத்தப்படுவாள்.

இன்னுமொரு முரண் உண்டு. பட்டினப்பாலையிற் பரதவர் உவாநாளிற் கடலுக்குச் செல்லாது, சுறாவின் கொம்பை நட்டுத் தெய்வம் வழிபட்டு, பனங்கள் மாந்தி உண்டு ஆடுகின்றனர். இன்றோ நீர்கொழும்பு மீனவரிற் பெரும்பாலோர் கத்தோலிக்கராதலின், அவர்களின் ஓய்வுநாள் ஞாயிறு. முழுமதி நாளாகிய போயாவில் நாடெங்கும் மதுக்கடைகள் பூட்டப்படுகின்றன. கடல் அதே கடலாக இருக்க, நாட்கள் மட்டும் பொருள் மாறிவிட்டன.

இதுகாறுங் கூறியவற்றைக் கொண்டு, ஆற்றுப்படையும் நடைச் சுற்றுலாவும் ஒன்றே என முடிவுகட்டுவது தவறாகும். வேறுபாடுகள் ஒப்புமைகளினும் ஆழமானவை.

முதலாவது, ஆற்றுப்படையில் நடப்பவன் பசித்தவன். சுற்றமும் அவனோடு பசித்து வருகின்றது. அவன் உண்பது உயிர் தாங்குவதற்கு. சுற்றுலாவில் நடப்பவனோ உண்டு பழகியவன். அவனுடைய தேவை சுவையேயன்றிச் சோறன்று. இரண்டாவது, அங்கு வழிகாட்டி தான் பெற்றதனைச் சொல்கின்றான். இங்கு வழிகாட்டி தான் விற்பதனைச் சொல்கின்றான். மூன்றாவது, அங்கு விருந்து மனையில் நிகழ்கின்றது. கொடுப்பவளுக்குக் கொடையின் பெருமை உண்டு. இங்கு விருந்து கடையில் நிகழ்கின்றது, மனை காட்சிப்பொருளாகின்றது. பணம் கடையோடும் முகவரோடும் நின்றுவிட, கருவாடு காயவைக்கும் பெண்ணுக்கு எஞ்சுவது படம்பிடிக்கப்படுதல் மட்டுமே. இலங்கையின் சேற்று நண்டு சிங்கப்பூரின் உணவகங்களிற் புகழ்பெற்றுள்ளது. நல்ல நண்டு விமானமேற, அதனைப் பிடித்தவன் வீட்டிற் சாளைக் கறி கொதிப்பதில் வியப்பில்லை.

பழைய உலகைப் பொற்காலமாகக் காட்டுவதும் பொருந்தாது. பாணனின் பயணம் வறுமையின் பயணம். புரவலனின் கைபார்த்து வாழ்ந்த வாழ்வு அது. பாட்டிலே பெருமையோடு நின்ற 'நுளைமகள்' என்னுஞ் சொல்லும் தன் பெருமையைக் காக்கவில்லை. பிற்காலச் சாதியமைப்பில் 'நுளையர்' என்பது கடற்றொழிலாளரைத் தாழ்த்தியுரைக்கவும் வழங்கிற்று. பாட்டைப் போற்றிப் படித்தவர்களும் அப்பெண்ணின் வழிவந்தோரின் முற்றத்தில் நீர் அருந்தக் கூசினர் என்பது தமிழ்ச் சமூகத்தின் வரலாற்றில் மறைக்கவியலாத பகுதியாகும்.

குடியைப் பற்றியும் இவ்வாறே இருபக்கம் நோக்குதல் வேண்டும். சிறிதளவு கள் கிடைத்தால் அதனைத் தமக்கே அளித்த அதியமானை ஔவையார் நினைந்து அழுத பாட்டைத் தந்த அதே மொழி, கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரத்தையும் தந்துள்ளது. இரண்டும் பொய்யல்ல. நண்பரிடையே பகிரப்படும் குடி வேறு. இரவெல்லாம் கடலிற் கிடந்து திரும்பியவன் அன்றைய வருவாயைக் கசிப்புக்கு இழப்பது வேறு. கரையோரக் குடிசைகளிற் பிந்தியதன் சுமையைத் தாங்குவோர் பெண்களும் பிள்ளைகளுமே. அத்தகைய வீடொன்றின் வாசலில் நின்று, கையிற் பியர்க் கிண்ணத்தோடு அவ்வூரின் 'இயற்கையான வாழ்வை' வியப்பவன் தான் எதனைக் காண்கின்றான் என்பதை அறியான்.

இங்கேதான் வழிகாட்டியின் இக்கட்டுத் தொடங்குகின்றது. கொட்டாஞ்சேனையிற் பிறந்து, பல்கலைக்கழகத்தில் தமிழைப் பாடமாகக் கற்று, விடுமுறையில் வழிகாட்டியாக உழைக்கும் மாணவன் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். அவனுக்கு மூன்று மொழிகளும் தெரியும். குடும்பத்துக்கு அவனுடைய உழைப்பு வேண்டும். குழுவிலொருவர், தெருவோரத்து வீட்டுக்குள்ளே சென்று பார்க்கலாமா என்று கேட்கின்றார். உள்ளே ஒருத்தி மீன் அரிந்துகொண்டிருக்கின்றாள். மூலையில் ஒருவன் போதையிற் கிடக்கின்றான். வேண்டாமென்றால் விருந்தினர் முகம் சுருங்கும். அன்றைய அன்பளிப்புக் குறையும். சரியென்றால் அப்பெண்ணின் நாணம் விலைப்பட்டுவிடும். இத்தெரிவை அவனுக்காக எந்தக் கைந்நூலும் செய்து தராது. அவன் கற்ற ஆற்றுப்படை மட்டும் ஒன்றைச் சொல்லும்: வீட்டார் அழைத்த வீட்டுக்கே விருந்தினன் செல்வான்.

அவனுடைய பிழைப்பும் உறுதியானதன்று. 2019 ஏப்பிரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பின் கட்டுவாப்பிட்டியிலும் தேவாலயங்கள் குண்டுகளாற் சிதறியபோது, உயிரிழந்தோரின் குடும்பங்களோடு சேர்ந்து கரையூர்களே துக்கத்தில் ஆழ்ந்தன. பயணிகளின் வரவும் அற்றுப்போயிற்று. 2021 மே மாதத்தில் எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்னுங் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, பின்னர் மூழ்கியது. அதிலிருந்து சிந்திய பிளாத்திக்குச் சிறுமணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின, மீன்பிடி தடைசெய்யப்பட்டது, கரைமீனை வாங்குவதற்கே மக்கள் அஞ்சினர். இவை நடைச் சுற்றுலாவின் விளம்பரத்தில் இடம்பெறுவதில்லை. ஆயினும் ஓர் ஊரைக் காட்டப்புகுந்தவன் அதன் சுவையைச் சொல்லித் துயரை மறைப்பானாயின், அவன் காட்டியது ஊரின் பாதியே.

இவற்றால் இத்தகைய சுற்றுலாக்களே வேண்டாம் எனல் முடிபன்று. கடல் வளங் குன்றிவரும் காலத்திற் கரையூர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு வருவாய் வேண்டியதே. அது எவ்வாறு அமைதல் வேண்டுமென்பதே வினா. மீனைச் சமைப்பவள் கரையூர்ப் பெண்ணாகவும், விலையை அவளே சொல்லுபவளாகவும், வழிகாட்டி அவ்வூரின் மகனாகவும், காட்டத்தக்கது எது, காட்டத்தகாதது எது என்பதனை ஊரவரே முடிவுசெய்வோராகவும் அமையும்பொழுது, சுற்றுலா விருந்துக்கு அணித்தாக வரும். ஒடியற்கூழைப் பிளாவில் வார்த்துக் கொடுப்பதற்கு மதுவரி அனுமதியும் வேண்டியதில்லை. மீனின் பெயரைப் பிடித்தவனின் தமிழிலே, அது நீர்கொழும்பின் கலப்புத் தமிழாயினுஞ் சரி, வந்தவர் ஒருமுறை சொல்லக் கேட்டால், மறைந்துவரும் ஒரு பேச்சுக்கும் அது சிறு மதிப்பாகும்.

ஆற்றுப்படை பாடியோர் வழியில் நின்ற ஒவ்வொரு குடியையும் அதன் தொழிலாலும் கொடையாலும் குறித்தனர். இரங்கத்தக்க காட்சியாக எவரையும் நிறுத்தவில்லை. வள்ளலின் அரண்மனையை அடையுமுன்னரே, நுளைமகளும் வலைஞர்மகளும் உழவர்மகளும் பாணனுக்கு வள்ளல்களாகிவிடுகின்றனர். கரையூரின் ஒழுங்கையில் முன்னே நடக்கும் இன்றைய வழிகாட்டிக்கும், அவன் பின்னே வரும் விருந்தினனுக்கும் அப்பாட்டுகள் வைத்துச் சென்றிருக்கும் அளவுகோல் இதுவே. கொடுப்பவரின் தலை நிமிர்ந்திருக்குமிடத்திலேதான் உண்பவருக்கு உணவு விருந்தாகின்றது.