கறையும் பாடும்
பழவங்காடியில் நான் தங்கியுள்ள வீட்டு வாசலில், மறைந்த தந்தையாரின் காரை ஆழ்துளைக் கிணற்று நீரால் கழுவி, துடைக்காமல் வெயிலில் விட்டுவிட்டேன். நீர் ஆவியானது, கால்சிய உப்புகள் வெண்புள்ளிகளாய்ப் படிந்தன. நீர் கலந்த வினிகரில் படிவு கரைந்த பின்னரும் சில இடங்கள் குழிந்தே இருந்தன.

பட்டறைக்காரர் சொன்னார்: “இது கறயல்ல, பாடாணு.”

மலையாளத்தில் பாடு என்பது தழும்பு, தமிழில் துன்பம். கறை மேலே நிற்பது. தழும்பு உள்ளே இறங்கியது. அதை நீக்கச் சுற்றிலுமுள்ள நிறமற்ற மேற்பூச்சையும் குழியின் ஆழத்திற்குத் தேய்த்தாக வேண்டும். அப்பூச்சோ ஏறத்தாழ 50 மைக்ரான்தான்; தேய்ந்தது மீளாது.

ஆழமற்றவற்றை மட்டும் மெருகிடச் சொன்னேன். தந்தையார் ஆண்டுக்கணக்கில் துடைத்துப் பேணிய பூச்சு அது. என் கவனக்குறைவை மறைக்க அதைக் குறைக்க மனம் வரவில்லை.